புல் பூக்கும் பருவமும் மூச்சுத் தொல்லையும்

(திண்டிவனத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றிப் பேச ஆண்டு முழுவதும் வாய்ப்பு உண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் புல். இதைக் கேட்டவுடன் பின்வரிசையில் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். அற்பமானதைப் புல்லுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம்மவர் வழக்கந்தானே! ஆயினும் அந்தப் புல்லின் பூவிலிருந்து புறப்பட்டுக் காற்றிலே மிதந்து வருகின்ற, கண்ணுக்குப் புலப்படாத தூள் ஒன்று, நம் ஊர்களில் பலருடைய மூச்சைத் தடுமாற வைக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒரு கூலிக்காரருக்குப் பத்து நாள் வேலை போனால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து, ஏரியும் குளமும் நிரம்பி, மார்கழி பிறக்கிற தறுவாயில் நம் பக்கத்து வயல்வெளிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். வரப்பெல்லாம் அறுகும் பிற புற்களும் முழங்கால் உயரம் வளர்ந்து கதிர்விட்டு நிற்கின்றன. சம்பா நெல் பூத்து நிற்கிறது. சில இடங்களில் கரும்பும் வெண்சாமரம்போலப் பூத்துவிடுகிறது. அதே நாட்களில்தான் வீட்டுத் திண்ணையில் அடுக்கடுக்காகத் தும்மல் ஒலி கேட்கிறது. மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகுகிறது. கண் சிவந்து அரிக்கிறது. கேட்டால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். பனியின் குளிர்ச்சி மூக்கைத் தொல்லைப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் பழி முழுவதையும் பனியின் தலையில் சுமத்துவது முறையன்று. பனி உலர்ந்து வெயில் ஏறுகின்ற முற்பகல் வேளையில் வயல் வரப்பின்மீது நடக்கும்போதும் தும்மல் மிகுகிறதா என்று கவனியுங்கள். மிகுகிறது என்றால், குற்றவாளி வேறொருவன்.

பூவில் மகரந்தம் உண்டு என்பதையும், அது மற்றொரு பூவின் சூல்முடியில் சேர்ந்தால்தான் காயும் விதையும் உண்டாகும் என்பதையும் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். இந்த மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதில் செடிகள் இரு வழிகளைக் கையாளுகின்றன. ஒரு சாரார் தேனையும் நிறத்தையும் மணத்தையும் காட்டி வண்டையும் தேனீயையும் அழைக்கின்றனர். அவற்றின் மகரந்தம் கனத்தது, பிசுபிசுப்பானது. பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டு போகுமேயன்றிக் காற்றில் அதிகம் பறக்காது. மற்றொரு சாரார் காற்றையே தூதனாக நம்பியிருப்பவர். காற்றுக்கு நிறமும் மணமும் எதற்கு? ஆதலால் அவற்றின் பூக்கள் பூவென்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் மகரந்தத்தையோ அளவின்றி உண்டாக்கி வீசுகின்றன. ஆயிரம் துகள் வீணானாலும் ஒன்று போய்ச் சேரட்டும் என்பது அவற்றின் கணக்கு. புல்லினம் முழுவதும் இரண்டாவது சாராரைச் சேர்ந்ததே. நெல், கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகிய யாவும் புல்லின் உறவினர் என்பதை மறந்துவிடலாகாது. மரங்களில் மரக்காணம் பக்கத்துச் சவுக்கும் காற்றை நம்பிப் பூப்பதே.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாக இருந்தமையால் இது திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியமரம் பூச்சியை அழைத்துப் பூக்கின்ற மரம். ஆகவே அதன் பூ நம் மூக்கைத் தேடி வருவதில்லை. இவ்வூருக்கு உழவர் உலகில் பெயர் வாங்கித் தந்தது மணிலாக்கொட்டை. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்களைப் பயிரிடாத மானாவாரி உழவர் நம்மில் குறைவு. மணிலாப் பூவும் தனக்குள்ளேயே சேர்க்கையை முடித்துக்கொள்ளும் நல்ல பிள்ளை. ஆகவே ஊர்ப்பெயருக்குக் காரணமான மரமும் குற்றமற்றது, ஊர்ப்புகழுக்குக் காரணமான பயிரும் குற்றமற்றது. வரப்பில் கேட்பாரற்று வளர்கின்ற புல்லின்மீதுதான் நம் பார்வை செல்லவேண்டும்.

புல்லின் பூந்தூள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை 30 கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவே இருக்கும். மக்காச்சோளத்தின் தூள் இதைப்போல் மும்மடங்கு பெரியது. ஆகவே அது கொல்லையைத் தாண்டி வெகுதொலைவு போவதில்லை. சிறியதே தொலைவு செல்லும். மூக்கில் நுழைந்த தூள் ஈரம் பட்டதும் தன்னுள் அடங்கிய புரதத்தை வெளிவிடுகிறது. அந்தப் புரதம் நஞ்சு அன்று. பெரும்பாலோர் உடல் அதனைப் பொருட்படுத்துவதேயில்லை. சிலருடைய உடலோ, ஊர்க்காவல்காரன் ஒருவன் உறவினரைக் கள்வன் என்று எண்ணி நள்ளிரவில் கூச்சலிட்டு ஊரையே எழுப்பிவிடுவதுபோல, அந்தப் புரதத்தைப் பகையென்று கருதிக்கொள்கிறது. உடனே ஹிஸ்டமின் முதலான பொருள்கள் சுரக்கின்றன. அவற்றின் விளைவே தும்மலும் நீரும் அரிப்பும். மூச்சுக்குழல் வரை இக்கலகம் பரவினால் குழல் சுருங்கி, இளைப்பு உண்டாகிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம். பெற்றோருக்கு ஒவ்வாமையோ இளைப்போ இருந்தால் பிள்ளைகளுக்கும் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

"எங்கள் பாட்டன் காலத்தில் இல்லாத நோயை நீங்கள் புதிதாகக் கொண்டுவருகிறீர்களே" என்று ஒரு பெரியவர் சென்ற கூட்டத்தில் என்னைக் கேட்டார். நோய் பழையதுதான் ஐயா. காரணம் விளங்கியதுதான் பிந்தியது. நம் சித்த மருத்துவர்கள் பீனிசம் என்று பெயரிட்டு மூக்கைப் பற்றிய நோய்களை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1819ஆம் ஆண்டு ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடைதோறும் தமக்கு வருகின்ற மூக்குத் தொல்லையையும் கண் தொல்லையையும் மருத்துவச் சங்கத்தின் முன் விவரித்தார். புதிய வைக்கோலால் வருவது என்று எண்ணி மக்கள் அதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பெயரிட்டனர். உண்மையில் அது வைக்கோலாலும் வருவதன்று. அதில் காய்ச்சலும் இல்லை! மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி என்பவர்தாம் இதற்கு விடை கண்டவர். அவரும் அந்நோயால் துன்புற்றவரே. பிசுபிசுப்பான கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய தூள்களை நாள்தோறும் எண்ணினார். காற்றாடியில் கட்டி உயரத்திற்கும் அனுப்பிப் பார்த்தார். புல்லின் பூந்தூளைத் தம் மூக்கிலேயே இட்டுச் சோதித்தார். 1873இல் நூலாக வெளியிட்டு, புல்லின் மகரந்தமே காரணம் என்று நிறுவினார். தம் உடம்பையே சோதனைக் களமாக்கிய அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

இனி, இது சளியா, ஒவ்வாமையா என்று எவ்வாறு அறிவது? சாதாரணச் சளி ஒரு வாரத்தில், மிஞ்சினால் பத்து நாளில் ஓய்ந்துவிடும்; முதலில் நீராக ஒழுகிப் பின்னர் கெட்டியாகும்; உடல் வலியும் சுரமும் சில வேளை சேரும். ஒவ்வாமையிலோ மூக்கும் கண்ணும் தொண்டையின் மேற்புறமும் அரிக்கும். பல வாரங்கள் நீடிக்கும். ஆண்டுதோறும் அதே பருவத்தில் தவறாமல் திரும்பி வரும். காய்ச்சல் இராது. பிள்ளைகள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டேயிருப்பதைக் கண்டால் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறேன். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றாலும், மாலையில் சுரம் வந்தாலும், உடல் மெலிந்தாலும், சளியில் இரத்தம் தென்பட்டாலும், "ஒவ்வாமைதான், அன்று கூட்டத்திலே சொன்னார்களே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது காசநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு ஒருவர் காசநோயை ஒவ்வாமை என்று எண்ணி வாளாவிருந்தார் என்ற பழி எனக்கு வேண்டாம்.

தடுப்பு முறைகளுக்கு வருவோம். புல்லே இல்லாத இடத்தில் உழவன் வாழ முடியாது. ஆகவே தூளை முற்றிலும் தவிர்ப்பது என்பது வீண் பேச்சு. குறைத்துக்கொள்ளலாம் என்பதே உண்மை. நெற்பூ காலை 9 மணிக்கு மேல் விரியத் தொடங்கி நண்பகலுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். ஒவ்வாமை உடையவர் பூக்கும் வயலில் செய்யவேண்டிய வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் பிற்பகலுக்குத் தள்ளிப்போடலாம். மருந்து தெளிப்பதற்கும் இது பொருந்தும். பூக்கும் நேரத்தில் தெளித்தால் பதரும் மிகும் என்பதை நீங்களே அறிவீர்கள். புல் அறுக்கும்போதும், அறுவடை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போதும், வைக்கோல் போர் போடும்போதும் துண்டை இரண்டு மடிப்பாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். முகக்கவசம் கிடைத்தால் இன்னும் நன்று. கொரோனாக் காலத்தில் அதை அணிந்து பழகாதவர் இங்கே யாருமில்லை. வீடு திரும்பியதும் வாசலிலேயே முகம், கை, கால் கழுவித் தலைக்கும் நீர் ஊற்றிக்கொண்டு, உடுத்த துணியைக் களைந்துவிட்டால், தூள் படுக்கை வரை வருவதில்லை. வயல் வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டிற்குள் நுழையும் நம் முன்னோர் பழக்கம் இவ்வகையில் மிகச் சிறந்தது.

வைக்கோல் தூசியைப் பற்றி ஒரு சொல். களத்தில் எழுகின்ற தூசி முழுவதும் பூந்தூள் அன்று. உமியின் சுணையும் மண்ணும் பூஞ்சணத்தின் நுண்விதைகளும் அதில் கலந்திருக்கின்றன. மழையில் நனைந்து கறுத்த வைக்கோலைப் பிரிக்கும்போது எழுகின்ற தூசி இவற்றுள் கொடியது. நுரையீரலின் ஆழம்வரை சென்று புண்படுத்தும். அத்தகைய வைக்கோலை மாட்டுக்கும் போடவேண்டாம், எருக்குழிக்கு அனுப்புங்கள்.

மருந்து பற்றி மருத்துவர்தாம் கூறவேண்டும். நான் அலுவலகக் கோப்பு பார்க்கிறவன். ஆயினும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். எளிய முறை ஒன்று உண்டு. கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரைத்து, மூக்கின் இரு துளைகளையும் மெல்லக் கழுவினால் ஒட்டிய தூள் வெளியேறும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கொதிக்க வைக்காமல் இதற்குப் பயன்படுத்தலாகாது. நொச்சியிலை ஆவி பிடிப்பது அப்போதைக்கு மூக்கடைப்பை விலக்கும். ஆனால் நோயை நீக்காது. பிள்ளைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்கச் செய்து, அது கவிழ்ந்து வெந்து போவதும் உண்டு, எச்சரிக்கை வேண்டும். ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்கும். அவற்றில் பழைய வகைகள் தூக்கத்தை வரவழைப்பவை. அதை விழுங்கிவிட்டு டிராக்டர் ஓட்டுவதோ, கிணற்றில் இறங்குவதோ உயிருக்கு உலை. ஆண்டுதோறும் பருவத்தில் தொல்லைப்படுகிறவர்களுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். அது முதல் நாளே பயன் தருவதில்லை; சில நாட்கள் விடாமல் தெளித்தால்தான் பயன் தெரியும். ஆகவே புல் பூப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குவது அறிவுடைமை. ஒவ்வாமைப் பொருளையே மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊசியாகச் செலுத்தி உடலைப் பழக்கும் முறையும் இருக்கிறது. 1911இல் லண்டனில் லெனார்டு நூன் என்பவர் புல்லின் பூந்தூளைக் கொண்டே இதனைத் தொடங்கினார். மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை தொடரவேண்டிய சிகிச்சை இது. தேர்ந்த மருத்துவரின் நேர்ப்பார்வையில் அன்றி வேறெங்கும் செய்துகொள்ளலாகாது.

இங்கே மனம் வருந்தி ஒரு செய்தியைக் கூறவேண்டியிருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் அறுவடை வேலைக்குப் போகும் அம்மையார் ஒருவர் இருந்தார். தை மாதம்தோறும் அவருக்கு இளைப்பு வரும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடையில் பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கி விழுங்கி வந்தார். விழுங்கிய ஒரு மணி நேரத்தில் இளைப்பு பறந்துவிடும். "அமிர்தம் போன்ற மருந்து" என்று அக்கம்பக்கத்தாருக்கும் சொன்னார். மூன்று ஆண்டில் அவர் முகம் வீங்கி உருண்டையாயிற்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று. ஒரு நாள் கால் இடறி விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அமிர்தம் ஸ்டீராய்டு மாத்திரை. மருத்துவர் கையில் அது உயிர் காக்கும் மருந்தே. அளவும் நாளும் தெரியாதவர் கையிலோ எலும்பை அரிக்கும் கறையான். இம்மாத்திரைகளை நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறவர் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுவும் ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். படிப்படியாகக் குறைத்து வேறு வழிக்கு அவர்களே மாற்றுவார்கள்.

வேறு வழி என்றது, வாய்வழியே உறிஞ்சும் இன்ஹேலரை. அதைக் கண்டால் நம் மக்களுக்கு ஏனோ அச்சம். "ஒருமுறை பிடித்தால் விடாது, அடிமையாக்கிவிடும்" என்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைத்து வைப்பவரும் உண்டு. மாத்திரையாக உடல் முழுவதும் பரவுகின்ற மருந்தைவிட, மூச்சுக்குழலுக்கு மட்டும் மிகச் சிறிய அளவில் நேரே போய்ச் சேரும் மருந்து தீங்கு குறைந்தது. இதில் அடிமைத்தனம் ஏதுமில்லை. மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமலும், உதடு நீலம் பாய்ந்தும், இன்ஹேலருக்கும் அடங்காமலும் இளைப்பு முற்றினால், கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் 108 வண்டியை அழையுங்கள்.

தும்மல்தானே என்று அலட்சியம் செய்வோருக்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டுவேன். 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, மெல்போர்ன் நகரின்மீது இடியும் காற்றுமாக ஒரு புயல்மழை வந்தது. ரை என்னும் புல் பூத்திருந்த காலம் அது. மேகத்தின் ஈரத்தில் பூந்தூள் வெடித்து நுண்துகள்களாகி, காற்றோடு நகருக்குள் இறங்கிற்று. ஓரிரவுக்குள் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நிறைத்தனர். 10 பேர் இறந்தனர். அவ்வாறு திணறியவருள் பலருக்கு அதற்கு முன் இளைப்பு நோயே கிடையாது. மூக்கொழுக்கு மட்டுமே இருந்தது. நம் பகுதியில் ரை புல் இல்லை. ஆயினும் மூக்கிலே தொடங்குவது மார்புக்கு இறங்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதுகாறும் புல்லைப் பற்றிக் கூறினேன். வடநாட்டார் புல் என்று அழைத்தாலும் புல்லல்லாத ஒரு பூண்டைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். காங்கிரஸ் புல் என்றும், விஷப்பூண்டு என்றும் வழங்கும் பார்த்தீனியமே அது. கேரட்டின் இலைபோன்ற இலையும், வெள்ளை வெளேரென்ற சிறு பூக்களும் கொண்டு, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஓரத்திலும், இரயில் பாதையின் பக்கத்திலும், பயிரிடாது விட்ட மனைகளிலும் அது மண்டிக் கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது, 1955ஆம் ஆண்டில் பூனாவில் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஒரு செடி 15,000 விதைக்குமேல் உதிர்க்க வல்லது. முளைத்து ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமான நாளில் பூத்துவிடும். பூந்தூளினால் மூக்குத் தொல்லை. செடியில் உள்ள பார்த்தெனின் என்னும் பொருளினால் தோல் நோய். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கறுத்து, இரவும் பகலும் அரிப்பெடுக்கும். பல ஆண்டு அச்செடியோடு பழகியவருக்குத்தான் பெரும்பாலும் இது வருகிறது. வந்துவிட்டால் எளிதில் போவதில்லை. வேறு தீனியின்றி மாடு இதைத் தின்றால் பால் கசக்கும்.

இதனை ஒழிப்பதில் நான் செய்த தவறு ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில், மேலதிகாரி வருகிறார் என்பதற்காக, சாலையோரப் பார்த்தீனியம் முழுவதையும் இரண்டே நாளில் பிடுங்கிவிட வேண்டும் என்று ஆணையிட்டேன். செடிகள் வெள்ளைப் பூவால் நிறைந்திருந்த சமயம் அது. கையுறை கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நாற்பது பேர் வெறுங்கையால் பிடுங்கினார்கள். பிடுங்கியதைக் குவித்து வைத்தோம்; காற்றில் உலர்ந்து விதை எங்கும் சிதறிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளுமாக ஐந்தாறு பேருக்குக் கையும் கழுத்தும் தடித்துவிட்டன. அவர்களுள் முன்பே இளைப்பு நோய் உடைய ஒருவர் இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்திருக்க நேர்ந்தது. அவரைப் பார்க்கப் போனபோது, "பரவாயில்லைங்க ஐயா, வேலைன்னா அப்படித்தான்" என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அடுத்த மழையில் அதே சாலையில் முன்னிலும் இரட்டிப்பாகச் செடி முளைத்தது. உடலுக்கும் கேடு, வேலையும் வீண்.

ஆகவே காலம் அறிந்து செய்யவேண்டும். ஆடியில் பெய்கின்ற மழைக்கு இது முளைக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன், வேரோடு பிடுங்குவதே சிறந்த வழி. கையுறையும், முழுக்கைச் சட்டையும், மூக்குக்கு மறைப்பும் கட்டாயம் வேண்டும். முன்பே தோல் அரிப்போ இளைப்போ உள்ளவரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது; பள்ளிப் பிள்ளைகளை அறவே கூடாது. பூக்குமுன் பிடுங்கியதைக் குழியில் இட்டு மக்கச் செய்தால் நல்ல எரு ஆகும். பயிரில்லாத தரிசில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்து இளஞ்செடிமீது தெளித்தால் கருகிவிடும். ஆனால் வயலிலும் கிணற்றோரத்திலும் இதைச் செய்யவேண்டாம், மண் கெடும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அது திரும்ப வரும். அங்கே ஆவாரையையோ தகரையையோ விதைத்துவிட்டால் அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெக்ஸிகோ நாட்டிலிருந்து 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு வெளியே விடப்பட்ட வண்டு ஒன்றும் நமக்குத் துணையாக இருக்கிறது. வெண்மை கலந்த உடலில் பழுப்புக் கோடுகள் ஓடும் அந்தச் சிறு வண்டு மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையை மொட்டையடித்துவிடும். சூரியகாந்தியைத் தின்றுவிடும் என்று இடையில் எழுந்த அச்சம், ஆராய்ந்தபின் நீங்கிற்று. செடியின்மீது அதைக் கண்டால் பூச்சி மருந்து அடித்துக் கொன்றுவிடாதீர்கள்.

வரப்புப் புல்லுக்கு முறை வேறு. அதைப் பிடுங்கவோ, களைக்கொல்லி அடித்துப் பொசுக்கவோ வேண்டுவதில்லை. வரப்பைக் கரையாமல் காப்பது அந்த வேர்தான். பிள்ளையாருக்கு உகந்த அறுகை நான் பழிக்கிறேன் என்றும் எண்ணவேண்டாம். அது பூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவே. கதிர் வெளிவருமுன் அறுத்து மாட்டுக்குப் போட்டால் புரதச் சத்து மிகுந்த தீவனம்; முற்றிய பிறகோ நார்தான் மிஞ்சும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்திருப்பவர் 45 நாளுக்கொருமுறை தவறாமல் அறுத்தால் அது பூப்பதற்கே இடமில்லை. ஊருக்குப் பொதுவான இடங்களில்தான் தொல்லை. பள்ளி வளாகம், அங்கன்வாடி, சுகாதார நிலையம், நீர்த்தேக்கத் தொட்டியின் அடி, ஏரிக்கரை ஆகியவை எவருடைய வரப்பும் அல்ல. ஆகவே அங்கே புல் முற்றிப் பூத்து உலர்ந்து உதிர்கிறது. இது ஊராட்சியின் பொறுப்பு. கார்த்திகை மழை சற்று ஓய்ந்த வாரத்தில் ஒருமுறையும், மார்கழி நடுவில் ஒருமுறையும் அறுத்தால் போதும். பள்ளியில் புல் வெட்டும் இயந்திரத்தை விடுமுறை நாளில் ஓட்டுங்கள். பிள்ளைகள் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும்போது ஓட்டுவது தகாது.

அறுத்ததைக் கொளுத்தலாமா என்று ஒரு தலைவர் இடையில் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கொளுத்தலாகாது. பூந்தூளால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் மூச்சுக்குழலுக்குப் புகை, புண்ணில் உப்பு. போகியன்று விடியற்காலையில் தெருவெங்கும் புகை சூழ்கின்றபோது, மார்கழி முழுவதும் தும்மியவர்கள்தாம் முதலில் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அறுத்த புல்லை மாட்டுக்குப் போடலாம், மூடாக்காகப் பரப்பலாம், எருக்குழியில் இடலாம்.

இன்னொருவர், இதற்குப் பணம் எங்கே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வியே. கையுறைக்கும் முகக்கவசத்திற்கும் ஆகும் செலவு, ஊராட்சியின் பொதுநிதியில் தாங்கக்கூடாத தொகையன்று. ஒரு மின்விளக்குக் கம்பத்தின் பழுது பார்ப்புக்கும் அது ஈடாகாது. தீர்மானம் ஒன்றுதான் தேவை. ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மறுநாள் 16ஆம் தேதி தொடங்கி 22ஆம் தேதி வரை, ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் நாடெங்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. செடி முளைத்துப் பூவாத பருவமும் நமக்கு ஏறக்குறைய அதுவே. சபையில் இரண்டு பொருளை வையுங்கள். எந்தெந்தப் பொது இடத்தில் பார்த்தீனியம் இருக்கிறது என்பதை வார்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே நடந்து பார்த்து எழுதிய பட்டியல் ஒன்று. நவம்பர் 1ஆம் தேதி கிராம சபைக்குப்பின் எந்த வாரத்தில் புல் அறுப்பது, யார் அறுப்பது என்ற முடிவு மற்றொன்று. கையுறை வாங்கியதற்கான பற்றுச்சீட்டு இல்லாமல், பிடுங்கும் வேலைக்கான கூலிப் பட்டியல் மட்டும் என் மேசைக்கு வந்தால், அதில் நான் கையொப்பமிட மாட்டேன் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். பட்டியல் எழுதுவதற்கான படிவத்தை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஊராட்சிக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.